கால் சுளுக்கினா பாட்டியைக் கூப்பிடாதே!

போலீஸ் செலக்‌ஷனுக்கு மலைப்படியில ஓடுற தம்பி, கொஞ்சம் நில்லு. நம்ம திருத்தணி முருகன் கோயிலுக்குப் படி 365. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி போகும். நீ ஓட வேண்டியதோ சமதரையில 1,500 மீட்டர், 7 நிமிஷத்துல. படி வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். இறங்குறப்ப நடந்தே வா.

1. நோட்டிஃபிகேஷன் வந்த அன்னிக்குத்தான் ஷூவைத் தேடுவே. திடீர்னு ஓடினா ரெண்டே வாரத்துல முன்னங்கால் எலும்பு வலிக்கும். மெதுவா கூட்டு.

2. கணுக்கால் சுளுக்கா? சுளுக்கு எடுக்க வர்ற பாட்டியைக் கும்பிட்டு அனுப்பிடு. உள்ளே நார் கிழிஞ்சு ரத்தம் கசியுற நேரத்துல எண்ணெய் போட்டு நீவினா வீக்கம் இன்னும் ஏறும். ரெண்டு நாளைக்கு ஐஸைத் துண்டுல சுத்தி 15 நிமிஷம் வை, கிரேப் பேண்டேஜ் சுத்து, காலைத் தலையணை மேல தூக்கி வை. ஐஸ் இல்லையா, பெட்டிக்கடை ஃபிரிட்ஜ்ல ஜில்லுனு தண்ணி பாட்டில் இருக்கும்.

3. நாலு அடி வைக்க முடியலைன்னா, கணுக்கால் மொழியோட பின்பக்கம் அழுத்தினா உயிர் போகுதுன்னா, எக்ஸ்ரே எடு.

4. "நகரி தாண்டினா புத்தூர், எலும்புக் கட்டு போட்டுட்டு வந்துடலாம்." தெரியும்டா! பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வெச்சுக் கட்டுவாங்க. எங்க வீட்டுலயும் போய் வந்திருக்காங்க. வேண்டாம்னு சொல்லலை, எக்ஸ்ரே இல்லாம பஸ் ஏறாதேங்கிறேன். எலும்பு தோலைக் கிழிச்சிருந்தா, விரல் மரத்துப் போனா, நேரா ஆஸ்பத்திரி. கட்டின பிறகு விரல் நீலமானா உடனே கட்டை அவிழ்க்கணும், விடியட்டும்னு படுக்காதே.

5. கபடியில முட்டி 'டப்'னு சத்தம் போட்டு, கொஞ்ச நேரத்துல பந்தா வீங்கினா ஜவ்வு கிழிஞ்சிருக்கலாம். அது எக்ஸ்ரேல தெரியாது, எந்தக் கட்டுக்கும் ஒட்டாது. ஆபரேஷன் வரைக்கும் போனா ஒன்பது மாசமாவது களம் கிடையாது.

6. வலி மாத்திரை போட்டுட்டு ஆடாதே. "வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் தொடைக் காயத்தோடவே 2018 காமன்வெல்த் போட்டியில தங்கம் தூக்கலையா?"ன்னு கேப்பே. தூக்கினார். ஆனா 2014ல கிளாஸ்கோவுல 328 கிலோ தூக்கினவர், கோல்ட் கோஸ்ட்ல தூக்கினது 317. அவருக்குப் பின்னாடி ஒரு டீமே நின்னுச்சு. உனக்குப் பின்னாடி ஐஸ் துண்டோட நான் ஒருத்திதான்.

7. ஒருதடவை சுளுக்கின கால் மறுபடி சுளுக்கும். வீக்கம் வடிஞ்சதும் தினமும் பல் தேய்க்கிறப்ப அந்த ஒத்தக்கால்ல நில்லு. அம்மா சிரிச்சா சிரிக்கட்டும், வாஷ்பேசினைப் பிடிச்சுக்கோ.