ஒரு சொடுக்கும் பல சொடுக்குகளும்

இணையப் பக்கமொன்றைத் திறந்ததும் "குக்கிகளை ஏற்கிறீர்களா?" என்னும் வினா எழுகின்றது. வாசிக்கப் பொறுமையின்றி நாம் "ஏற்கிறேன்" என்பதை அழுத்தி விடுகின்றோம். எதனை ஏற்றோம்?

குக்கி என்பது இங்கே தின்பண்டமன்று. நாம் காணும் தளம் நமது கணினியில் இட்டுச் செல்லும் சிறு குறிப்பு. 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்ருலி இதனை உருவாக்கினார். ஒவ்வொரு வருகையையும் மறந்துவிடும் இணையத்துக்கு இது நினைவாற்றலைத் தந்தது. இணையக் கடையில் கூடையிலிட்ட பொருள் மறையாதிருக்க அது வேண்டியதே. ஆயின் ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களிலும் தன் குக்கியை இடுமாயின், நாம் எங்குச் சென்றோம், எதனை நோக்கினோம் என்பனவெல்லாம் அதனிடம் ஒன்றுசேரும்.

பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு இதனை நுணுகி ஆராய்ந்தது. கூகிள், யூரியூப், பேஸ்புக் தளங்களில் குக்கிகளை ஏற்க ஒரு சொடுக்குப் போதும். மறுப்பதற்கோ பல சொடுக்குகள் வேண்டியிருந்தன. இது பயனரின் விருப்பச் சுதந்திரத்தைக் கெடுப்பதென ஆணைக்குழு கண்டது. கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதிக்கப்பட்டமை 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மூன்று மாதங்களுள் திருத்தாவிடின் நாளொன்றுக்கு 1 இலட்சம் யூரோ மேலும் செலுத்த வேண்டும் எனவும் பணிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் "அனைத்தையும் மறு" என்னும் பொத்தானைக் கூகிள் முதலிற் பிரான்சிலேயே அறிமுகஞ் செய்தது.

அப்பொத்தானைப் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் தேடிப் பார்க்கட்டும். சில தளங்களில் அது இன்னும் இரண்டாந் திரையில், மங்கிய எழுத்திலேதான் இருக்கின்றது.