பெற்றோரும் பேரண்டும்

ஆலங்குளத்து மாணவன் ஒருவன், “ஐயா, ஆங்கிலப் ‘பேரண்ட்’ நம் ‘பெறு’ என்பதிலிருந்து பிறந்ததோ?” என வினவினான்.

இல்லை. ‘பேரண்ட்’ ஈனுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையினின்று தோன்றியது. ‘பெற்றோர்’, ‘பெறு’ என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்தது. பொருள் ஒன்று; பிறப்பு வேறு. ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. ‘மதர்’, ‘ஃபாதர்’ என்பனவோ வடமொழி மாத்ரு, பித்ரு என்பவற்றோடு ஓரினத்தன. வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவை 1786-இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் எடுத்துரைத்தார்.

தமிழின் வழி தனி. பண்டு என் தாய் ‘யாய்’; நின் தாய் ‘ஞாய்’; அவன் தாய் ‘தாய்’. அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை என்றனர். இன்று யாயும் ஞாயும் வழக்கொழிந்தன. ‘தாய்’ ஒன்றே மூவிடத்துக்கும் நின்றது. வழங்காத சொல் வாழாது.

மாணவர்களே! பிறமொழிச் சொற்களைக் கற்பீர். இல்லத்தில் அம்மா, அப்பா என்றே அழைப்பீர்.