ஓத வந்த பிள்ளை கையேந்துவது ஏன்? வடநைஜீரியா தரும் பாடம்



ஆப்பிரிக்கப் பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போவதில்லை என்ற செய்தியைக் கேட்டதும், "அந்தப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவின் வடபகுதியைப் பார்த்தால், விஷயம் அவ்வளவு எளிதல்ல என்பது விளங்கும். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் அந்தப் பகுதியில் கல்வி மீதான ஆசை குறையவில்லை. கல்வியைத் தாங்கி நின்ற பிழைப்புதான் சரிந்து போனது.

நைஜீரியாவில் 5 முதல் 14 வயது வரையுள்ள ஏறத்தாழ 1 கோடியே 5 லட்சம் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாக ஐ.நா.வின் யூனிசெஃப் அமைப்பு கூறியுள்ளது. வடமாநிலங்களில் நிலைமை மிகவும் மோசம். அங்கே நகரத் தெருக்களில் பிளாஸ்டிக் பாத்திரம் ஏந்தி நிற்கும் சிறுவர்கள் பலர், குர்ஆன் ஓதுவதற்காக ஊரைவிட்டு வந்தவர்கள்.

முஹாஜிர் என்ற பெயர்

இந்தச் சிறுவனுக்கு அங்கே 'அல்மஜிரி' என்று பெயர். ஹிஜ்ரத் செய்தவர் என்று பொருள்படும் 'அல்முஹாஜிர்' என்ற அரபுச் சொல்தான் ஹவுஸா மொழியில் இப்படி ஆனது. உஸ்தாதை 'மாலம்' என்பார்கள். இது 'முஅல்லிம்' என்பதன் திரிபு. பிள்ளைகள் மரப்பலகையில் மையால் ஆயத்துகளை எழுதி, மனனமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதுவார்கள். நம்மிலும் பலகையில் ஓதிய பெரியவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தக் காலத்தில் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்தது. அறுவடை முடிந்த வறண்ட மாதங்களில் மாலம் பிள்ளைகளோடு வேற்றூர் சென்று ஓதிக்கொடுப்பார். மழைக்காலம் வந்ததும் ஊர் திரும்பி எல்லோரும் வயலில் இறங்குவார்கள். ஊரார் சோறு கொடுத்தார்கள், அமீர்கள் ஆதரித்தார்கள்.

பெண்களும் ஒதுக்கப்படவில்லை. 1804இல் உஸ்மான் தான் ஃபோதியோ தொடங்கிய இயக்கத்தால் சொகோட்டோ ஆட்சி உருவானது. அவருடைய மகள் நானா அஸ்மாவு (1793-1864) பல மொழிகள் அறிந்த கவிஞர். 'யன் தாரு' என்ற பெண்கள் குழுவை அமைத்து, கிராமப் பெண்களுக்கு வீடு தேடிச் சென்று மார்க்கக் கல்வி புகட்ட ஏற்பாடு செய்தார். ஆகவே பெண் கல்வி அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல.

எங்கே சரிந்தது?

1903இல் ஆங்கிலேயர் கனோவையும் சொகோட்டோவையும் கைப்பற்றினார்கள். அமீர்கள் பதவியில் நீடித்தாலும் வரிப்பணத்தின் மீதிருந்த அதிகாரம் கைமாறியது. ஓதல் பள்ளிகளுக்குக் கிடைத்துவந்த ஆதரவு வற்றியது. அரசு உத்தியோகம் ஆங்கிலம் படித்தவர்களுக்குப் போனது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் 'அர்வி' என்று எழுதியதுபோல, அவர்களும் ஹவுஸாவை அரபு எழுத்தில் எழுதிவந்தார்கள். அதற்கு 'அஜமி' என்று பெயர். அதில் கடிதமும் கணக்கும் எழுதத் தெரிந்தவர்கள் புதிய ஆட்சியின் கணக்கில் எழுத்தறிவற்றவர்கள் ஆனார்கள்.

பிறகு 1970களில் சாஹெல் பகுதியைக் கடும் வறட்சி தாக்கியது. மக்கள் தொகை பெருக, நிலம் போதாமல் போனது. நகரத்துக்கு வந்த மாலமுக்குச் சம்பளமும் இல்லை, உழ நிலமும் இல்லை. கூட வந்த பிள்ளைகளுக்கு அவர் எதைக் கொடுப்பார்? எப்போதாவது வீடுகளில் சோறு வாங்கி வந்த வழக்கம், அன்றாடம் தெருவில் கையேந்தும் வழக்கமாக மாறியது. ஏழை வீட்டுச் சிறுமிகளோ தலையில் தட்டைச் சுமந்து கடலையும் பலகாரமும் விற்கிறார்கள். அந்தக் காசில் ஒரு பகுதி அவர்களுடைய கல்யாணச் சீருக்குப் போகிறது.

செய்து பார்த்தவை

2004இல் வந்த சட்டம் ஒன்பது ஆண்டுக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியது. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்றாகிவிடாது. சீருடை, நோட்டு வாங்க வேண்டும். பிள்ளை கொண்டுவரும் சில்லறை வருமானமும் நின்றுபோகும்.

2012இல் சொகோட்டோவில் முதல் மாதிரி அல்மஜிரி பள்ளி திறக்கப்பட்டது. ஓதலும் பாடசாலைக் கல்வியும் ஒரே இடத்தில் என்பது நல்ல எண்ணம்தான். 150க்கும் மேற்பட்ட பள்ளிகள் கட்டப்பட்டன. ஆனால் அன்றாடம் நடத்தப் பணமும், மாலம்களின் ஒத்துழைப்பும் போதிய அளவு இல்லாததால் பல கட்டடங்கள் பயனின்றிக் கிடந்தன. 2020இல் கொரோனா காலத்தில் வடமாநில அரசுகள் அல்மஜிரி சிறுவர்களை லாரிகளில் ஏற்றிச் சொந்த மாநிலங்களுக்கு அனுப்பின. எந்த வறுமை அவர்களை வெளியே அனுப்பியதோ, அதே வறுமைதான் அங்கே காத்திருந்தது.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் உண்டு. 2016இல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம், அரசுப் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவு தர ஏற்பட்டது. உள்ளூர் விவசாயியிடம் தானியம், உள்ளூர்ப் பெண்ணுக்குச் சமையல் வேலை என்பது அதன் அமைப்பாக இருந்தது. பிள்ளையின் பசியும் ஊரின் பிழைப்பும் ஒன்றாகக் கவனிக்கப்பட்டன. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இல்லாத அல்மஜிரிக்கு அந்தத் தட்டு எட்டவில்லை. 'இஸ்லாமிய்யா' பள்ளிகள் குர்ஆனோடு கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கின்றன. அவற்றில் பெண் பிள்ளைகள் திரளாகப் படிக்கிறார்கள். இருப்பதில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஏழைப் பெற்றோரும் அங்கே கட்டணம் செலுத்துகிறார்கள். ஆசை இல்லாதவர்களா இதைச் செய்வார்கள்?

நமக்குள்ள படிப்பினை

உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரின் நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அவர் வீட்டிலிருந்த துணியையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரிக்கு. கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்று வரும்படி பதினைந்து நாள் தவணையும் சொன்னார்கள்.

இரண்டு திர்ஹமும் தேவை என்பதைக் கவனியுங்கள். சோறு மட்டும் கொடுத்தால் நாளையும் கை நீளும். கோடரி மட்டும் கொடுத்தால் இன்று பசித்தவனால் அதைத் தூக்க முடியாது. வடநைஜீரியாவில் தெருவில் விழும் காசு முதல் திர்ஹம் மட்டுமே. வெறும் கட்டடமோ, சாப்பாடு இல்லாத இரண்டாம் திர்ஹம்.

ஆகவே ஜகாத்தோ ஸதகாவோ கல்விக்கென்று கொடுக்கும்போது மூன்று கேள்விகளை வீட்டில் பேசிப் பாருங்கள்:

1. பிள்ளை படிக்கும் நேரத்தில் அந்த வீட்டின் அடுப்பு எப்படி எரியும்?

2. சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும் ஆசிரியைக்கும் மாதாமாதம் கண்ணியமான வருமானம் உண்டா?

3. நம் உதவி நின்ற பிறகும் அந்தப் பள்ளி தன் காலில் நிற்குமா?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும் உதவி, ஒரு பிள்ளையின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிவிட்டுப் பலகையைத் திருப்பிக் கொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.