காட்டேரியோடு விளையாடப் போகும் பிள்ளைகளுக்கு

எழுத்து விளையாட்டு என்றால் என்ன என்று கேட்கும் திருப்புலிவனத்துப் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். திரையில் படம் இருக்காது, வெடிச்சத்தம் இருக்காது. நீ எங்கே நிற்கிறாய், எதிரே என்ன இருக்கிறது என்று நாலு வரி வரும். என்ன செய்யப்போகிறாய் என்பதை இரண்டொரு சொல்லில் தட்ட வேண்டும். வடக்கே போ, விளக்கை எடு, கதவைத் திற, இப்படி. அதற்கு ஒரு பதில் வரும். அமெரிக்காவில் வில் கிரவுதர் என்பவர் 1970களின் நடுவில் தாம் நடந்து பார்த்த குகையை இப்படி எழுத்தால் கட்டினார். டான் வுட்ஸ் 1977ல் அதை விரித்து எழுதினார். பிறகு வந்த எழுத்து விளையாட்டுகள் எல்லாம் அந்தக் குகை வழியாக வந்தவைதான். அவற்றில் காட்டேரியை வைத்துச் சிரிக்கவைக்கும் ஆட்டங்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அவற்றை எப்படி ரசிப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. மெதுவாகப் படி. இந்த ஆட்டத்தில் படிப்பதுதான் ஆடுவது. வேகமாகத் தட்டுகிறவனுக்கு ஒரு மதிப்பெண்ணும் கூடுதலாகக் கிடைக்காது. திரையில் 'மூலையில் ஒரு பை கிடக்கிறது' என்று ஒரு வரி வந்தால், அதை எழுதியவர் காரணத்தோடுதான் எழுதியிருப்பார்.

2. காட்டேரிக்கு என்னென்ன சட்டம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போ. இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறேன். வெறும் பேய் எங்கும் வரும், எதையும் செய்யும். அதைக் கண்டு பயப்படலாம், அதை வைத்து விளையாட முடியாது. காட்டேரி அப்படி இல்லை. 1897ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலைப் பார். நூற்றாண்டுகளாகச் சாகாத பிரபு அவன். இருபது ஆள் பலம் உண்டு. ஆனால் வீட்டுக்காரர் ஒருவர் வா என்று அழைக்காமல் முதல் தடவை வாசற்படி தாண்ட முடியாது. கண்ணாடியில் அவன் உருவம் விழாது. பூண்டைக் கண்டால் ஒதுங்குவான். ஓடுகிற நீரை நினைத்த நேரத்தில் கடக்க முடியாது. வெயில் பட்டால் செத்துவிடுவான் என்பது நாவலில் கிடையாது. பகலில் அவன் லண்டன் தெருவிலேயே நடக்கிறான், அப்போது அவன் சக்திதான் குறைந்திருக்கும். வெயிலில் கரைந்துபோகிற காட்டேரியைக் கொண்டுவந்தது 1922ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் ஊமைப்படம்.

இவ்வளவு பலமும் இவ்வளவு கட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால்தான் சிரிப்பு வருகிறது. ஊரையே நடுங்கவைக்கும் பிரபு, 'உள்ளே வரலாமா?' என்று கேட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறதே! நல்ல எழுத்தாளர் அந்த இடுக்கில்தான் கை வைப்பார். எந்த விதி அவனைக் கட்டும், எந்த விதி அவனுக்கு உதவும் என்று யோசித்தால், புதிரின் விடையும் நகைச்சுவையும் பெரும்பாலும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

நமக்கு இது கடினமான பாடம் இல்லை. பக்கத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919லும் 921லும், முதலாம் பராந்தகன் காலத்தில், சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருந்தால் ஆகாது, எழுபதுக்கு மேலே போனால் ஆகாது, கணக்குக் காட்டாதவன் ஆகாது, அவனுடைய உறவினனும் ஆகாது. விதியை வரிவரியாகப் படிக்கிற பழக்கம் வேண்டுமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வா.

3. கண்ணில் பட்டதை எடுத்துக்கொள். முக்கியமாகப் பூண்டை. 'ஜோர்க்' என்ற ஆட்டத்தை 1977ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். இன்ஃபோகாம் நிறுவனம் 1980ல் அதன் முதல் பாகத்தை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு வெள்ளை வீடு. பின்பக்கத்து ஜன்னல் லேசாகத் திறந்திருக்கும். அதன் வழியாகச் சமையலறைக்குள் போனால் மிளகாய் வாசனை வீசும் ஒரு பழுப்புப் பை. அதற்குள் மதிய உணவும் ஒரு பூண்டும். புதிதாக ஆடுகிறவர்கள், இது எதற்கு என்று பூண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். வெகுநேரம் கழித்து நிலக்கரிச் சுரங்கத்தில் ஓர் அறை வரும். கூரையில் பெரிய இரத்தக்காட்டேரி வௌவால் ஒன்று. பூண்டு இல்லாமல் போனவனை அது தூக்கிக்கொண்டு போய்ச் சுரங்கத்தில் எங்கோ போட்டுவிடும். பூண்டோடு போனால் பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கும்! அந்த ஒரு வரிக்காகவே அந்த ஆட்டத்தை ஆடலாம் என்பேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நம் வியாக்ரபுரீஸ்வரர் கோயில் பக்கம் இருட்டில் வௌவால் பறந்தால் பயப்படாதே. இரத்தம் குடிக்கும் வௌவால் உலகத்தில் மூன்று வகைதான். மூன்றும் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரை வாழ்பவை. நம் பக்கத்து வௌவால்கள் பழமும் பூச்சியும் தின்று வயலுக்கும் தோப்புக்கும் நல்லது செய்கின்றன. அவற்றைக் கல்லால் அடிக்காதே.

4. அசட்டுத்தனமானதையும் செய்து பார். வெற்றிக்கு வேண்டியதை மட்டும் தட்டினால் பாதி ஆட்டம் உனக்குத் தெரியாமலே போய்விடும். சவப்பெட்டியிடம் பேசு. திரைச்சீலையைத் தின்று பார். பிரபுவுக்கு வணக்கம் சொல். எழுதியவர் ராத்திரி விழித்திருந்து, 'இப்படியும் ஒரு பிள்ளை கேட்கும்' என்று நினைத்து ஒரு பதில் எழுதிவைத்திருப்பார். கதை சொல்லும் அந்தக் குரல் நம் கூத்தில் வரும் கட்டியங்காரன் மாதிரி. ராஜா எவ்வளவு உக்கிரமாக வந்து நின்றாலும், பக்கத்தில் நின்று நம் சார்பில் ஒரு கேள்வி கேட்டு, நம்மைச் சிரிக்கவைத்து, கதையையும் நகர்த்திவிடுவான். அவனுக்கு நீ வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

5. செத்துப் போவாய். பரவாயில்லை. ஆபத்தான கதவைத் திறக்கும் முன் ஆட்டத்தைச் சேமித்து வை, பிறகு தைரியமாகச் செத்துப் பார். ஸ்காட் ஆடம்ஸ் 1979ல் வெளியிட்ட 'தி கவுண்ட்' என்ற ஆட்டத்தில் நீ டிராகுலாவின் கோட்டையில், ஒரு பித்தளைக் கட்டிலில் கண்விழிக்கிறாய். அவனை ஒழிக்க உனக்குச் சில நாள்தான் அவகாசம். ராத்திரி ஆனால் அவன் உன் கழுத்தைத் தேடி வருவான். கட்டில் போர்வையைக் கட்டி ஜன்னல் வழியே இறங்குவதிலிருந்து ஒவ்வொன்றையும் தப்புத்தப்பாகச் செய்துதான் கற்றுக்கொள்ள முடியும். முதல் தடவையிலேயே ஜெயிக்கும்படி அதை யாரும் எழுதவில்லை. எங்கே செத்தாய், ஏன் செத்தாய் என்று நோட்டில் குறித்து வை. அறைகளின் வரைபடத்தையும் அதிலேயே போடு.

6. ஆங்கிலத்துக்குத் தயங்காதே. இந்தப் பழைய ஆட்டங்களுக்கு வேண்டியது இரண்டு சொல்: ஒரு வினை, ஒரு பொருள். ஸ்காட் ஆடம்ஸின் ஆட்டங்கள் ஒவ்வொரு சொல்லிலும் முதல் மூன்று எழுத்தை மட்டும்தான் பார்க்கும், பின்னால் எழுத்துப்பிழை இருந்தாலும் ஓடும். படித்த அக்கா ஒருத்தி திரையைப் பார்த்துத் தமிழில் சொல்லட்டும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று சண்டை போடுங்கள். தனியாக ஆடுவதைவிட இதில் சிரிப்பு அதிகம். அகராதியைத் திறக்காமலே ஆங்கிலமும் வந்து சேரும்.

7. வேதாளத்தை மறக்காதே. கோட்டையும் பிரபுவும் வெளியூர்ச் சரக்கு. நம்மிடம் இருக்கும் வேதாளக் கதையை நான் எழுத்து விளையாட்டின் பாட்டனார் என்றே சொல்வேன். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தம் 'கதாசரித்சாகர'த்தில் இந்த இருபத்தைந்து கதைகளையும் சேர்த்தார். 1870ல் ரிச்சர்ட் பர்ட்டன் அவற்றில் பதினொன்றை ஆங்கிலத்தில் தம் போக்கில் எழுதி, தலைப்பிலேயே வேதாளத்தைக் காட்டேரி ஆக்கினார். டிராகுலா பிறக்க இன்னும் இருபத்தேழு வருஷம் இருந்தது. 1947ல் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா' வழியாக வேதாளம் நம் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்தது. பழைய கதைகள் தீர்ந்த பிறகும் புதிது புதிதாக எழுதிக்கொண்டே போனார்கள். கையில் வாள், தோளில் பிணம் என்று ராஜா நடந்துபோகும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன், 1924ல் பிறந்து 2020ல் மறைந்தார். அந்தக் கை வரைந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்றைக்கும் வேதாளம் தொங்குமோ என்று முருங்கை மரத்தின் மேல் ஒரு கண் இருக்கும்.

அந்தக் கதையை ஆட்டமாகப் பிரித்துப் பார். ஒரு சந்நியாசி தினமும் ராஜாவுக்கு ஒரு பழம் கொடுக்கிறான். ராஜா அதை உள்ளே அனுப்பிவிடுகிறான், ஒரு நாளும் உடைத்துப் பார்க்கவில்லை. ஒரு குரங்கு கடித்ததும் உள்ளே இருந்து இரத்தினம் விழுகிறது. கைக்கு வந்த பொருளைத் திருப்பிப் பார் என்பது எழுத்து விளையாட்டின் முதல் பாடம். அது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே இருக்கிறது. பிறகு அந்தச் சந்நியாசிக்காக, மரத்தில் தொங்கும் பிணத்தை ராஜா தூக்கி வர வேண்டும். அதில் குடியிருக்கும் வேதாளம் வழியெல்லாம் கதை சொல்லிப் புதிர் போடும். அடுத்தது விதி. வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்த வழி. ராஜா ஒவ்வொரு தடவையும் சரியான விடையைச் சொல்லித் தோற்கிறான். கடைசிப் புதிருக்கு அவனுக்கு உண்மையாகவே விடை தெரியவில்லை. அதனால் பேசாமல் நடக்கிறான், ஜெயிக்கிறான்.

அதோடு முடியவில்லை. சந்நியாசி உன்னைப் பலி கொடுக்கப் போகிறான் என்று வேதாளமே ராஜாவிடம் சொல்லி வழியும் காட்டுகிறது. கீழே விழுந்து கும்பிடு என்று அவன் சொன்னால், 'எனக்குப் பழக்கமில்லை, நீங்கள் செய்து காட்டுங்கள்' என்று சொல்ல வேண்டும். அவன் குனிகிறான், ராஜாவின் வாள் இறங்குகிறது. எதிரியின் கட்டளையையே எடுத்து எதிரியின் மேல் போடுகிற இந்தத் தந்திரம் எந்தக் காட்டேரி ஆட்டத்திலும் உனக்கு உதவும்.

8. விடைப் புத்தகத்தை முழுதாகத் திறக்காதே. இன்ஃபோகாம்காரர்கள் குறிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சடித்து விற்றார்கள். தனிப் பேனாவால் தேய்த்தால்தான் தெரியும். முதலில் சின்ன ஜாடை, பிறகு கொஞ்சம் பெரிது, கடைசியில்தான் விடை. நீயும் ஒரு ஜாடை போதும் என்று நிறுத்து. இரண்டு நாள் விட்டு வைத்தால் மாடு ஓட்டிக்கொண்டு வரும்போது தானாகத் தோன்றும்.

9. எல்லாக் காட்டேரியும் சிரிக்கவைக்காது. இங்கிலாந்தில் சி.ஆர்.எல். நிறுவனம் 1986ல் வெளியிட்ட 'டிராகுலா'வுக்குத் திரைப்படத் தணிக்கைக் குழுவே பதினைந்து வயதுச் சான்று கொடுத்தது. அதைச் சின்னப் பிள்ளைகள் பக்கம் கொண்டுவராதே. தம்பி தங்கைகள் கூட உட்கார்ந்திருந்தால் ஜோர்க்கில் தொடங்கு. 2025ல் மைக்ரோசாஃப்ட் அதன் மூன்று பாகங்களின் மூல நிரலையும் எல்லாரும் படிக்கும்படி திறந்துவிட்டிருக்கிறது. அந்த வௌவாலை எப்படி எழுதினார்கள் என்று உள்ளே போயே பார்க்கலாம்.

10. பிறகு நீயே ஒன்று எழுது. கிறிஸ் கிளைமாஸ் 2009ல் உருவாக்கிய 'ட்வைன்' இலவசம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். சின்னதாகத் தொடங்கு, ஆறு இடம் போதும். கடைசிப் பஸ்ஸில் ஒரு வெளியூர்ப் பிரபு உத்திரமேரூர் சாலையில் வந்து இறங்கட்டும். யாராவது வாங்க என்று சொன்னால்தான் அவனால் வீட்டுக்குள் வர முடியும். நம் ஊரிலோ திண்ணையில் இருக்கிறவர்கள் யாரைப் பார்த்தாலும் வாங்க என்பார்கள். அப்படியானால் அவனை எப்படித் தடுப்பது? ரசத்துக்கு நசுக்கிய பூண்டு எந்த வீட்டில் இருக்கிறது? ஏரி மதகில் தண்ணீர் திறந்து விட்டிருந்தால் அவன் எந்தப் பக்கம் சுற்றிப் போக வேண்டும்? இதை முதலில் தாளில் வரைந்து எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.