கறுத்த கதலிக்கு ஒரு தாச்சி

கேள்வி: கோயில் அருச்சனைப் பழம் வீட்டில் சேர்ந்து, தோல் கறுத்துக் குழைந்துவிடுகிறது. எறிய மனமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, உவர்மலை

பதில்: எறியாதீர்கள் தங்கச்சி, வாய்ப்பன் சுடுங்கள். பழம் முற்ற முற்ற அதிலுள்ள மாச்சத்து சீனியாக மாறுகிறது. அதனால் மஞ்சள் கதலியைவிடக் கறுத்த கதலியே வாய்ப்பனுக்குத் தோது.

நாலு கதலியைக் கையால் நன்றாகப் பிசையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது அப்பச்சோடா. பிறகு ஒரு சுண்டு கோதுமை மாவை மெல்ல மெல்லச் சேருங்கள். (மாவுக்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை, பிரிமா ஆலை சீனன்குடாவிலேதானே இருக்கிறது!) தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், பழத்தின் ஈரமே போதும். கையில் ஒட்டுகிற பதத்தில் அரை மணி நேரம் மூடி வையுங்கள். கையை நனைத்து, எலுமிச்சங்காய் அளவில் கிள்ளி எண்ணெயில் போடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது நெருப்பில்தான். சீனி கூடிய மா சீக்கிரம் கருகும். வெளியே கறுப்பு, உள்ளே பச்சை மா. இளஞ்சூட்டில் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பொரியுங்கள். ஆறியபின் பின்னேரத் தேத்தண்ணியோடு சாப்பிட்டால் இன்னும் ருசி.

எண்ணெய் ஆகாதவர்கள் அதே பழத்தைத் தேங்காய்ப்பூ, சர்க்கரையோடு அவலில் பிசையலாம். கள் மணமோ பூஞ்சணமோ வந்த பழம் மட்டும் குப்பைக்கு.