மாலை நேர மையத்தில் வேலைக்குச் சேரப் போகிறீர்களா?

பள்ளி விட்டதும் சென்னை பாலவாக்கம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் யார் கணக்கிலும் இல்லாமல் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) அடுக்குமாடி வீடுகளில் வேலை பார்க்கும் அம்மா திரும்பிவர இருட்டிவிடுகிறது. அப்பாவுக்குக் கடல் வேலையோ கட்டட வேலையோ. அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, வசதியான வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் டியூஷனுக்கும் கீபோர்டு வகுப்புக்கும் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். படிப்பில் இடைவெளி அகலுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் மாலை நேர மையத்து வேலை. சம்பளம் குறைவு, திறமை நிறையத் தேவை. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருப்பவர்கள், காலையில் கல்லூரி போய் மாலையில் ஓய்வாக இருப்பவர்கள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

"டீச்சர் டிரெயினிங் இல்லாத நான் என்ன செய்துவிட முடியும்?" என்று தயங்க வேண்டாம். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, தொடக்க வகுப்புகளுக்குக் கேட்ட தகுதி பிளஸ் டூ மட்டுமே. மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள்; பெரும்பாலோர் பெண்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பு நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு.

ஆசிரியப் பயிற்சி இல்லாத உள்ளூர்க்காரர்களாலும் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் தொண்டு நிறுவனம் இதற்கு முன்பே செய்து காட்டியது. அங்கே இப்படிச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு 'பால்சகி' என்று பெயர். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள், பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பானர்ஜி, டஃப்ளோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்ததைப் பதிவு செய்தது. ஆக, அதே தெருவில் வசித்து, பிள்ளையின் பாட்டியையும் தெரிந்துவைத்திருப்பது உங்களுக்குப் பெரிய தகுதி.

முதல் வாரத்தில் பாடம் எதுவும் நடத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரிகிறதா, சொல் வருகிறதா, நாலு வரி ஓடுகிறதா, சின்னக் கதை புரிகிறதா என்று பாருங்கள். கணக்கிலும் அப்படித்தான்: இரண்டு இலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். நாலாம் வகுப்புப் பிள்ளை 'சொல்' நிலையில் நிற்கலாம். அவனை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு சேர்த்து உட்காரவைக்கத் தயங்காதீர்கள். பிரிக்க வேண்டியது நிலையைப் பார்த்து. வயதைப் பார்த்துப் பிரித்தால் பலன் குறைந்துவிடும்.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். 'கோழி' என்று எழுதிக் காட்டினால், பல பிள்ளைகள் 'கே' என்று தொடங்கி, பின்னால் வரும் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கேரழி' என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தெரியும். முன்னால் இருக்கும் கொம்பும் பின்னால் இருக்கும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பதுதான் பிடிபடவில்லை. திட்டினால் வாயை மூடிக்கொள்வான். தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போடுங்கள். நடுக் கட்டத்தில் 'க', 'ப', 'ம' என்று எழுத்தட்டையை மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு பிள்ளை கொம்பாக முன் கட்டத்தில் நிற்கட்டும், இன்னொன்று காலாகப் பின் கட்டத்தில் நிற்கட்டும். கால் குதித்து வெளியே போனால் 'கே', உள்ளே வந்தால் 'கோ'. கூட்டமே கத்தும். சில நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

பாடத்துக்குள் கலை வருவதும் இப்படி விளையாட்டாகத்தான். வெள்ளிக்கிழமை கடைசி அரைமணி நேரம் மிஞ்சினால் கிரேயான் கொடுப்பது என்று வைத்திருக்கும் மையங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, ஒரு நாடகத்தில் நண்டு வேஷம் போட்டால் பேசும். பேசிய வசனத்தை மறுநாள் அதன் கண்முன் கரும்பலகையில் எழுதினால், தான் சொன்னது என்பதாலேயே வாசித்துவிடும். ஒயிலாட்ட அடவில் எட்டு எண்ணிக்கை, கோலத்தில் புள்ளி வரிசை, பறையில் தாளம் எல்லாமே கணக்குப் பாடம்தான். சென்னையில் தொடங்கிய நாளந்தாவே அமைப்பு கலை வழிக் கல்வியையே தன் முழுநேர வேலையாக வைத்திருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு சேர்ந்திசைக் குழுவும் நடத்தியிருக்கிறது. அரசின் கலை பண்பாட்டுத் துறையிலும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித்தருகின்றன. வாசிக்கக் கதை வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். பள்ளிக் கல்வித் துறையின் 'ஊஞ்சல்' இதழும் கைகொடுக்கும்.

ஹோம்வொர்க் விஷயத்தில் கறாராக இருங்கள். பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள். பிள்ளைகளும் நோட்டை நீட்டுவார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மையம் முழுவதும் பார்த்து எழுதும் கூடமாகிவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளை அழகான கையெழுத்தோடு ஐந்தாம் வகுப்பை முடித்துவிடும்.

பசியை முதலில் கவனியுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கின்றன. நாலரை மணிப் பசிக்கு யாரும் இல்லை. சுண்டலோ வாழைப்பழமோ இருந்தால் வருகைப் பதிவேடு தானே நிறையும். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் அக்காவைத் திருப்பி அனுப்பாதீர்கள். தம்பிக்கு ஒரு மூலையில் பாய் விரியுங்கள், இல்லையென்றால் அந்தப் பெண்ணும் வராது. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டும், மழையில் கரண்டும் போகும். அந்த மாதங்களில் வகுப்பைச் சீக்கிரம் முடித்து, பெண் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்புங்கள்.

பாதுகாப்பில் மட்டும் துளியும் சமரசம் கூடாது. எந்தப் பிள்ளையோடும் கதவடைத்த அறையில் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. அது உங்களுக்கும் பொருந்தும். பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இனி நேர்காணல். தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலும் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ஒரு கதை சொல்லுங்கள், பத்து நிமிடம் வகுப்பு எடுங்கள்" என்பார்கள். ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு காகித மடிப்பு, இவை மூன்றும் எப்போதும் கைவசம் இருக்கட்டும். நீங்களும் கேளுங்கள்: மாதத் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், பஸ் செலவு உண்டா, மையத்தில் இரண்டாவது ஆள் யார், குழந்தைப் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் உள்ளனவா? சேவைதானே என்று சொல்லித் தொகையைப் பற்றிப் பேச மறுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊக்கத்தொகையில் குடும்பம் நடத்த முடியாது. இது அரசுப் பணியும் ஆகாது. இதை இரண்டு வருட அனுபவமாக வைத்துக்கொண்டு மேலே போங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) முதல் தாளும் தேவை. பட்டம் முடித்தவர்களுக்குத் தொண்டு நிறுவனங்களில் மைய ஒருங்கிணைப்பாளர், பயிற்றுநர் வேலைகள் உண்டு. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது, இத்தனை பிள்ளைகள் 'எழுத்து' நிலையிலிருந்து 'கதை' நிலைக்கு வந்தார்கள் என்று நீங்கள் கைப்பட எழுதிவைத்த நோட்டு. முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

இப்படிப்பட்ட முயற்சி இங்கே புதிதல்ல. 1894-இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்காக அடையாறில் தொடங்கிய இலவசப் பள்ளி, பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. பாலவாக்கத்துக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு சமூகக் கூடமும் இரண்டு பாயும் வாரம் ஐந்து நாள் தவறாமல் வரும் ஒருவரும் போதும். பிளஸ் டூ முடித்த தங்கைகளே, தம்பிகளே, உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள மாநகராட்சித் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் துணை வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.