எழுத்துக்கு ஏற்ற வில்லை: தஞ்சைத் தரணியின் ஏடுகளையும் கல்வெட்டுகளையும் படமெடுக்கும் மாணவர்க்கு ஒரு வழிகாட்டி

முன்னுரை

காவிரி பாயும் தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் எனப் போற்றுவது மரபு. நெல்லுக்கு மட்டுமன்றி எழுத்துக்கும் இது களஞ்சியமே. கோயிற் சுவர்களிலும் அடக்கத்தலக் கற்களிலும் பொறிக்கப்பெற்றவை ஒருபுறம். பனையோலையிலும் பழந்தாளிலும் எழுதப்பெற்று வீட்டுப் பெட்டிகளில் உறங்குபவை மறுபுறம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தைச் சென்றடைந்த சுவடிகள் பேறு பெற்றவை. வீடுகளில் எஞ்சியவையோ செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகி வருகின்றன.

குடந்தை அரசினர் கல்லூரியில் 1880 முதல் பணியாற்றிய உ. வே. சாமிநாதையர், ஊர்தோறும் ஏடு தேடி அலைந்து, பிரதிகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் காலத்தில் ஏட்டுக்குப் படி வேண்டுமாயின் கையால் எழுதுவதே வழியாக இருந்தது. இன்றோ கல்லூரி மாணவர் ஒருவர் சிறு பொருட்செலவில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்றைப் பெற்றுவிட இயலும். கேனன், நிக்கான் ஆகிய நிறுவனங்கள் தம் கவனத்தைக் கண்ணாடியில்லாக் காமிராக்களின் பக்கம் திருப்பிவிட்டமையால், பயன்படுத்தப்பெற்ற எஸ்.எல்.ஆர். கருவிகளும் அவற்றுக்குரிய வில்லைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

காமிரா வாங்கியபின் எழும் வினா, லென்ஸ் எனப்படும் வில்லைகளுள் எதை வாங்குவது, துணைக்கருவிகளுள் எவை தேவை என்பதாகும். கடைக்காரர் ஒரு விடை தருவார். நண்பர் மற்றொரு விடை தருவார். தமிழ் பயிலும் மாணவர்க்கு உரிய விடை வேறு. படிக்க வேண்டிய எழுத்து எதுவோ அதுவே வில்லையை முடிவு செய்ய வேண்டும். இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. டிரைப் கற்பித்த பாடம்

இத்துறையில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லினேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சூழ்ந்துள்ள கல்வெட்டு வரிகளை அவர் ஒரே படத்தில் அடக்க முயலவில்லை. பகுதி பகுதியாக எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அக்கோயிற் கல்வெட்டுகளை ஹூல்ஷ் என்னும் அறிஞர் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891இல் என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வெழுத்துகள் படத்தில் பதிந்துவிட்டன.

டிரைப்பிடம் இன்றைய வசதிகள் எவையும் இல்லை. கனத்த பெட்டிக் காமிராவும், அதனை அசையாது தாங்கும் முக்காலியும், பொறுமையுமே இருந்தன. அகன்ற காட்சியைக் காட்டும் வில்லையைத் தேடுவதினும், நெருங்கி நின்று நகர்ந்து நகர்ந்து எடுப்பதே எழுத்தைக் காக்கும் என்னும் பாடத்தை அவர் பணியினின்று நாம் பெறலாம். இனி வருவன யாவும் இப்பாடத்தின் விரிவே எனலாம்.

2. உடலும் வில்லையும் பொருந்துமாறு

தொடக்கநிலை எஸ்.எல்.ஆர். காமிராவின் உணர்வி ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உடையது, கேனன் கருவிகளில் சற்றே சிறியது. பழைய படச்சுருளின் 36 மி.மீ. அகலத்தினும் இது குறைவாதலின், 50 மி.மீ. வில்லை இதில் 75 முதல் 80 மி.மீ. வில்லையைப் போன்று குறுகிய காட்சியையே தரும். பழைய நூல்களில் 50 மி.மீ. வில்லை இயல்பான பார்வை உடையது என எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதைக் கொண்டு சிறிய அறைக்குள் ஒரு குடும்பத்தையே படமெடுக்க முனைவோர் இடர்ப்படுவது இதனாலேயே.

வில்லை வாங்குமுன் பொருத்தம் பார்த்தல் வேண்டும். நிக்கானின் டி 3500, டி 5600 போன்ற காமிராக்களின் உடலில் குவியத்தை இயக்கும் மோட்டார் இல்லை. ஆதலின் தம்முள் மோட்டார் உடைய ‘ஏ.எஃப்.-எஸ்’, ‘ஏ.எஃப்.-பி’ வகை வில்லைகளையே தேர்தல் நலம். பழைய ‘ஏ.எஃப்.-டி’ வகை பொருந்தும்; ஆயினும் கையால் திருகியே குவியம் காண வேண்டியிருக்கும். கேனன் தொடக்கநிலை எஸ்.எல்.ஆர். கருவிகளில் ‘இ.எஃப்.’, ‘இ.எஃப்.-எஸ்’ ஆகிய இருவகையும் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் வில்லை மற்றொன்றின் உடலில் நேரே பொருந்தாது.

3. எழுத்தின் அளவும் வில்லையின் அளவும்

காமிராவுடன் பெரும்பாலும் 18-55 மி.மீ. வில்லை ஒன்று சேர்ந்தே வரும். இதனை இகழ்ந்து ஒதுக்குதல் தவறு. ஊர்க் காட்சி, உழவுக் கருவி, திண்ணையில் அமர்ந்து கதை சொல்லும் முதியவர் ஆகிய யாவற்றுக்கும் இதுவே போதும். முதல் ஆறு மாதங்கள் இதனோடு பழகி, எந்தக் குவியத்தூரத்தில் மிகுதியாகப் படமெடுக்கிறோம் எனக் குறித்துவந்தால், அடுத்து வாங்க வேண்டிய வில்லை எது என்பது தானே விளங்கும்.

ஏட்டுக்கு வருவோம். 40 செ.மீ. நீளமுள்ள ஓர் ஓலையை 24 மெகாபிக்சல் காமிராவால் முழுமையாக எடுப்பதாகக் கொள்வோம். படத்தின் அகலம் 6000 புள்ளிகள், ஒரு செ.மீ.க்கு 150 புள்ளிகள் கிடைக்கும். அரை மி.மீ. அளவுள்ள ஒரு குறி ஏழெட்டுப் புள்ளிகளிலேயே அடங்கிவிடும். அதே ஓலையை இருபாதியாக எடுப்பின் ஒரு செ.மீ.க்கு 300 புள்ளிகள். அக்குறிக்கு 15 புள்ளிகள் கிடைக்கும். நடுவே இரண்டு விரற்கடை அளவு இரு படங்களிலும் வருமாறு எடுத்தால் பின்னர் இணைப்பது எளிது. டிரைப்பின் முறை ஓலைக்கும் பொருந்துவதை இங்குக் காண்கிறோம்.

அரை மி.மீ. குறிக்காக இத்துணைக் கணக்கு ஏன் என வினவலாம். பழந்தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதுவது பெருவழக்கு. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். எகர ஏகார வேறுபாடும் காட்டப்பெறுவதில்லை. படிப்பவர் இவற்றை உய்த்துணர்ந்தே படிக்கிறார். படமும் மங்கலாயின் ஐயத்தின்மேல் ஐயம் சேரும். அரபுத்தமிழ் ஏடுகளிலோ நிலை இதற்கு மறுதலை. அங்குப் புள்ளியே எழுத்தின் உயிர். அரபு மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி எழுத்துகள் அமைக்கப்பெற்றன. ஒரு புள்ளி மறைந்தால் எழுத்து மாறும். எழுத்து மாறினால் சொல் மாறும். கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா எனப் பல்வகை இலக்கியங்களைத் தந்த ஒரு சமுதாயத்தின் கையெழுத்துச் செல்வம் இவ்வாறு சிறு புள்ளிகளையே நம்பி நிற்கிறது.

இப்பணிக்கு இரண்டாவதாக வாங்கத்தக்கது 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையாகும். கேனன், நிக்கான் இரண்டிலும் மிகக் குறைந்த விலையுள்ள வில்லைகளுள் இது ஒன்று. 20 செ.மீ. அகலப் பரப்பை எடுக்க இதனை ஏட்டிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் போதும். சுவர்க் கல்வெட்டில் ஒன்றரை மீட்டர் அகலத்தை எடுக்கச் சுமார் மூன்றேகால் மீட்டர் விலகி நிற்க வேண்டும். 18 மி.மீ. அளவில் மிக நெருங்கி எடுப்பின் ஓரத்து வரிகள் வில்போல் வளையும், 50 மி.மீ. வில்லையில் அக்குறை மிகக் குறைவு. நாணயம், முத்திரை முதலிய நுண்பொருள்களையே ஆராய்பவர்க்கு மேக்ரோ வில்லை வேண்டும். ஏனையோர்க்கு அதனைப் பின்னர்ப் பார்க்கலாம்.

4. உயர்ந்த கட்டடங்களும் அகன்ற வில்லையும்

நாகூர் தர்காவின் பெரிய மினாரா, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பியது. அதன் உயரம் 131 அடி, அஃதாவது ஏறத்தாழ 40 மீட்டர். அருகில் நின்று காமிராவை அண்ணாந்து பிடித்தால் மினாரா பின்னோக்கிச் சாய்வதுபோல் படத்தில் தோன்றும். காமிராவை நிமிர்ந்த நிலையில் சாய்க்காமல் பிடித்து, 18 மி.மீ. அளவில் முழு உயரத்தையும் அடக்க ஏறத்தாழ 60 மீட்டர் விலக வேண்டும்; 55 மி.மீ. அளவிலோ ஏறத்தாழ 180 மீட்டர் வேண்டும். இத்தகைய இடங்களில் 18 மி.மீ. முனை பயன் தருகிறது. இதனினும் அகன்ற வில்லையை விலை கொடுத்து வாங்குமுன், பின்னோக்கி நடக்க இடமுண்டா எனப் பார்த்தல் சிக்கனமாகும். உயரத்தில் உள்ள சிற்பத்தையோ எழுத்தையோ கீழிருந்து அணுக வேண்டுவோர்க்கு 55-200 அல்லது 55-250 மி.மீ. வில்லை உதவும். அது மூன்றாவது இடத்துக்கு உரியது.

5. ஒளியும் முக்காலியும்

எஃப் 5.6 துளையைக் காட்டிலும் எஃப் 1.8 துளை ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். திண்ணையிலும் இருண்ட கூடத்திலும் மனிதரைப் படமெடுக்க இது பெருந்துணை. ஆனால் ஏட்டை எஃப் 1.8இல் எடுத்தல் கூடாது. சற்றே வளைந்த ஓலையில் ஒரு பகுதி தெளிவாகவும் மறுபகுதி மங்கலாகவும் விழும். எஃப் 8 அளவே ஏட்டுக்கு ஏற்றது. எஃப் 22 வரை சுருக்கினால் ஒளி சிதறிக் கூர்மை குன்றும்.

எஃப் 8இல் வீட்டுக்குள் எடுக்கும்போது ஷட்டர் ஒரு வினாடி வரை திறந்திருக்க நேரும். கையால் பிடிப்பின், குவியத்தூரத்தை ஒன்றரையால் பெருக்கி வரும் எண்ணின் தலைகீழ்ப் பின்னத்தைவிட மெதுவாகச் செல்லலாகாது என்பது பொதுவிதி, 50 மி.மீ. வில்லைக்கு இது ஏறத்தாழ 1/80 வினாடி. ஒரு வினாடிக்கு முக்காலியன்றி வழியில்லை. ஆகவே, கையிருப்புக் குறைவாயின் இரண்டாவது வில்லையினும் உறுதியான முக்காலிக்கே முதலிடம் தருக என்பது நம் கருத்து. விரல் பட்டு அசையாதிருக்க இரண்டு வினாடித் தாமத வசதியைக் காமிராவிலேயே பயன்படுத்தலாம், அதற்குச் செலவில்லை. தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி பெறுதல் வேண்டும்.

கல்லில் வெட்டிய எழுத்து நிழலால் தெரிவது. முன்னிருந்து ஃபிளாஷ் ஒளி பாய்ச்சினால் நிழல் அழிந்து சுவர் வெறுமையாகும். காலை, மாலை வேளைகளில் பக்கவாட்டில் சாயும் வெயிலே சிறந்த விளக்கு. நிழற்சுவராயின் ஒரு கைவிளக்கைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து பிடிக்கலாம். ஓலைக்கும் பழந்தாளுக்கும் சன்னலோர ஒளியும், எதிர்ப்புறம் நிறுத்திய வெள்ளைத் தெர்மோகோல் பலகையும் போதும்.

6. துணைக்கருவிகளின் வரிசை

தேவையின் வரிசையில் இவற்றை அமைத்துக் காட்டலாம்:

முதலாவது, உறுதியான முக்காலி. இரண்டாவது, கூடுதல் மின்கலமும் இரண்டு நினைவட்டைகளும். மின்வெட்டு நேரத்தில் வேலை நின்றுவிடக் கூடாது. மூன்றாவது, வில்லையின் முகப்பில் பொருத்தும் நிழற்கூடு. இது பக்க ஒளியைத் தடுத்துப் படத்தின் தெளிவைக் காக்கும். நான்காவது, தூசி ஊதும் ரப்பர் பந்தும் மென்துணியும். ஐந்தாவது, ஏட்டருகே வைக்கும் சிறு அளவுகோலும் சாம்பல் நிற அட்டையும். அளவையும் நிறத்தையும் பின்னர் அறிய இவை சான்றாகும். ஆறாவது, போலரைசர் எனும் வடிகட்டி; எண்ணெய் பூசிய ஓலையிலும் கண்ணாடியிட்ட தஞ்சை ஓவியத்திலும் தோன்றும் பளபளப்பை இது பெரிதும் குறைக்கும். மலிவான புறஊதா வடிகட்டியைக் கடைக்காரர் வற்புறுத்தினும் தவிர்க்கலாம். விளக்கொளியில் அது பொய்யொளிகளை உண்டாக்கக்கூடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரம் வில்லைக்குப் பகை. உள்ளே பூஞ்சை படர்ந்தால் நீக்குவது அரிது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வில்லைகளை வைத்தல் வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்போரும் உளர். அரிசித் தூசியும் தவிட்டுப் பொடியும் கருவிக்குள் புகுமாதலின் அது தகாது. பயன்படுத்திய வில்லையை வாங்குவோர், அதனூடே கைவிளக்கைச் செலுத்தி, நூலாம்படை போன்ற பூஞ்சை உண்டா எனப் பார்த்தே வாங்குக.

முடிவுரை

வில்லைகளின் விலைப்பட்டியல் நீளமானது. மாணவரின் கையிருப்போ சிறியது. உடன்வந்த வில்லை, முக்காலி, 50 மி.மீ. வில்லை என்னும் மூன்றோடு நம் மாவட்டங்களின் எழுத்துச் செல்வத்தில் பெரும்பகுதியைப் படியெடுத்துவிடலாம் என்பது இதுவரை கண்டவற்றால் விளங்கும்.

இதனினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. பாட்டனார் காலத்துப் பெட்டியை ஒரு வீட்டார் நமக்காகத் திறப்பது பெரும்பாலும் ஒருமுறைதான். அடுத்த முறை செல்வதற்குள் அவ்வீடு இடிக்கப்பெறலாம், பெட்டி கைமாறலாம், ஓலை நொறுங்கலாம். அன்று நாம் எடுத்த படமே ஏடாக எஞ்சக்கூடும். அப்படத்தில் ஒரு புள்ளி தெளிவாக இருப்பதும் இல்லாததும் நாம் செய்த தேர்வைப் பொறுத்தது.

ஆதலின் மாணவர்கள் கருவியைப் பழகிக்கொண்டே ஏட்டை அணுகுவார்களாக. வீட்டாரின் இசைவு பெற்று எடுத்து, படங்களின் பிரதியை அவர்களுக்கே முதலில் அளிப்பார்களாக. ஊர்ப் பெரியோர்கள் தம் வீட்டுப் பெட்டிகளை இளைஞர்கள் முன்னிலையில் திறந்து காட்டுவார்களாக. மூத்தோர் எழுதிவைத்ததை இளையோர் ஒளியால் எழுதிக் காப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகும்.